கேஸ் போச்சா?

தமிழ்நாட்டில் வயிற்று வலிக்கு ஒரே காரணம்தான். கேஸ்! சந்தேகமிருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அரை நிமிஷம் நின்று பாருங்கள். பக்கத்து வீட்டு மாமி ஓமத் தண்ணீரோடு வருவார். எதிர் வீட்டுத் தாத்தா மோரில் பெருங்காயத்தைக் கரைக்கச் சொல்வார். ஆபீஸ் என்றால் யாராவது ஓடிப் போய் சோடா வாங்கி வருவார்கள். எல்லோரும் நல்லவர்கள்தான். ஆனால் என் வயிற்றில் இருப்பது கேஸ் இல்லை சார், ஒட்டு!

2016-ல் எனக்கு சினைப்பையில் ஒரு கட்டி. வயிற்றைத் திறந்து எடுத்தார்கள். சாதாரணக் கட்டிதான், பயமில்லை என்று ரிப்போர்ட் வந்தது. கணக்கு முடிந்தது என்று ஃபைலைக் கட்டிப் பரணில் போட்டோம்.

பி.காம். படித்தவர்களுக்கு 'கன்டின்ஜென்ட் லையபிலிட்டி' ஞாபகமிருக்கும். நண்பனின் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுகிற மாதிரி. பேலன்ஸ் ஷீட் கூட்டலில் வராது. அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பாக உட்கார்ந்திருக்கும். வந்தாலும் வரும், வராமலும் போகும். எனக்கு வந்தது.

வயிற்றுக்குள் குடல், கர்ப்பப்பை எல்லாம் எண்ணெய் தடவின மாதிரி ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு இருக்க வேண்டியவை. கத்தி பட்ட இடத்தில் உடம்பு 'ஃபைப்ரின்' என்ற பசையைப் பூசுகிறது. காயத்தை ஆற்றுகிற ஏற்பாடு அது. வேலை முடிந்ததும் சில நாட்களில் உடம்பே அதைக் கரைத்துவிட வேண்டும். கரையாமல் தங்கிய பசை தழும்பாக இறுகி, குடலைக் குடலோடும் வயிற்றுச் சுவரோடும் சேர்த்துக் கட்டிவிடும். டாக்டர்கள் இதை 'அட்ஹீஷன்' என்பார்கள். நல்ல டாக்டர் நல்லபடியாகச் செய்த ஆபரேஷனிலும் வரும். பெரும்பாலோருக்கு அது இருப்பதே தெரியாது. சிலரைத்தான் படுத்தும்.

ஸ்காட்லாந்தில் 1986-ல் வயிற்றையோ அடிவயிற்றையோ திறந்து ஆபரேஷன் செய்துகொண்ட சுமார் 30,000 பேரை, அடுத்த பத்து வருஷம் கணக்குப் பார்த்து 1999-ல் வெளியிட்டார்கள். மூன்றில் ஒருவர், ஒட்டினாலோ, ஒட்டாக இருக்கலாம் என்ற சந்தேகத்தாலோ, ஒட்டு சிக்கலாக்கக்கூடிய இன்னொரு ஆபரேஷனுக்கோ, சராசரியாக இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வந்திருக்கிறார்கள். ஆக, நான் ஒன்றும் அபூர்வப் பிறவி இல்லை.

இதில் பெரிய சங்கடம், இந்த ஒட்டு சாதாரணமாக ஸ்கேனில் தெரியாது. 'நார்மல்' என்றுதான் ரிப்போர்ட் வரும். அப்போது நான் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் இருந்தேன். "ஆபரேஷன் முடிஞ்சு மூணு வருஷம் ஆச்சேம்மா! ஸ்கேன்லயும் ஒண்ணுமில்லேங்கறே. அப்புறம் எதுக்கு லீவு?" என்று கேட்டார் பெரியவர். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. வவுச்சர் இல்லாத செலவை எந்த ஆடிட்டர் ஒப்புக்கொள்வார்? என் வலிக்கு வவுச்சர் கிடையாது.

அதே வருஷம், 2019-ல், வவுச்சர் கிடைத்தது. ஒரு ராத்திரி வயிற்றை முறுக்கி முறுக்கி வலி. பச்சையாக வாந்தி. வயிறு தவில் மாதிரி உப்பிவிட்டது. தோட்டத்து ஹோஸ் மடங்கினால் தண்ணீர் நிற்குமே, அப்படி ஒட்டில் மாட்டிக் குடல் மடங்கி அடைத்துக்கொண்டது. அவசரமாக ஆபரேஷன் செய்து, ஒட்டை வெட்டி விடுவித்தார்கள்.

அத்தோடு சுபம் போட்டிருக்கலாம். ஆனால் ஒட்டை வெட்டுவதும் ஒரு காயம்தானே? காயம் என்றால் பசை, பசை என்றால் மறுபடி ஒட்டு! கந்துவட்டிக்காரனிடம் வாங்கி வங்கிக் கடனை அடைத்த கதை. 2022-ல் மறுபடியும் அடைப்பு. இந்தத் தடவை கத்தி வைக்கவில்லை. மூக்கு வழியாக ஒரு குழாய், கையில் டிரிப்ஸ், பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது. நாலாம் நாள் குடல் தானாகவே வழி விட்டது.

"தினமும் வலிக்குதே டாக்டர், இன்னொரு தடவை உள்ளே போய் எல்லாத்தையும் வெட்டி விட்டுடுங்களேன்" என்று கெஞ்சினேன். டாக்டரம்மா ஓர் ஆராய்ச்சியைச் சொன்னார். நெதர்லாந்தில் இப்படி நாள்பட்ட வலியுள்ள 100 பேரில் பாதிப் பேருக்கு ஒட்டை வெட்டினார்கள். மீதிப் பேருக்குக் குழாய் விட்டுப் பார்த்ததோடு சரி. யாருக்கு எது செய்தார்கள் என்று நோயாளிகளுக்குச் சொல்லவில்லை. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் இரண்டு கோஷ்டிக்கும் வலி ஒரே அளவுதான் குறைந்திருந்தது. 2003-ல் வந்த முடிவு. "அடைச்சா, வேற வழியில்லேன்னா, வெட்டுவோம். வலிக்காக மட்டும் வேண்டாம்மா" என்றார்.

அன்றைக்கு ஆட்டோவில் வீடு வரும்வரை நானும் என் கணவரும் பேசவில்லை. இனிமேல் இந்த வலி எங்கள் வீட்டில் மூன்றாவது ஆள் என்று இரண்டு பேருக்கும் புரிந்துவிட்டது.

ஆபீஸை விட்டுவிட்டு, வலி விட்ட நேரத்தில் எழுதுகிற பிழைப்புக்கு வந்தேன். சாப்பாடு கொஞ்சம் கொஞ்சமாக, ஐந்து வேளை. முருங்கைக்காய், பலாச்சுளை எல்லாம் பார்வைக்கு மட்டும். வாசலுக்குப் பக்கத்தில் ஒரு பை. அதில் பழைய ரிப்போர்ட்டுகள், மாற்று உடை, போன் சார்ஜர்.

என் கணவர் பேங்கில் வேலை. வலி அதிகமான நாளில் மணிக்கு ஒரு தடவை போன் செய்வார். கேள்வி ஒன்றே ஒன்றுதான். "கேஸ் போச்சா?" சிரிக்காதீர்கள். காற்று பிரிந்தால் குடல் திறந்திருக்கிறது என்று தெம்பு. நான் "போச்சு" என்றால் அங்கே "அப்பாடா!" என்று சத்தம் கேட்கும். ஒருநாள் பக்கத்து கவுன்ட்டர் நண்பர் உருகிப்போய், "எங்க வீட்ல ரெண்டாவது சிலிண்டர் சும்மாதான் இருக்கு சார், எடுத்துட்டுப் போங்க" என்றாராம்!

உங்களில் பாதிப் பேர் வீட்டில் சிசேரியனோ, கர்ப்பப்பை ஆபரேஷனோ, அப்பெண்டிக்ஸோ நடந்திருக்கும். அவர்களுக்கு முறுக்கி முறுக்கி வயிறு வலித்து, வாந்தியும் உப்பலும் வந்து, காற்றும் மலமும் நின்றுபோனால் ஓமத் தண்ணீரைத் தேடாதீர்கள். விடியட்டும் என்று படுக்காதீர்கள். நேரே ஆஸ்பத்திரிக்குப் போய், "இவங்களுக்கு முன்னாடி வயித்துல ஆபரேஷன் நடந்திருக்கு" என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். பத்து வருஷத்துப் பழைய ஆபரேஷனாக இருந்தாலும் சொல்லுங்கள். குடலுக்கு ரத்த ஓட்டம் நின்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து.

அந்த அளவுக்குப் போகாத, தினசரி வலி உள்ளவர்களுக்கு உங்களிடமிருந்து வைத்தியம் எதுவும் வேண்டாம். பக்கத்து சீட் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு லீவு கேட்டால், "ரிப்போர்ட் நார்மல்தானே?" என்று மட்டும் கேட்காதீர்கள். "நீங்க கிளம்புங்க மேடம், இந்த ஃபைலை நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லிப் பாருங்கள். வலி குறையாது. ஆனால் வலியை நிரூபிக்கிற வேலையாவது அவருக்கு மிச்சம்.