முகத்துக்குக் கீழே ஒரு விரற்கடை

ஆன்ட்வெர்ப் நகரத்துப் பழைய புத்தகக் கடையொன்றில் வாங்கிய உருவப்படம் என் பையில் இருந்தது. சுருள்முடி, சரிகைக் கழுத்துப்பட்டை, நேராகப் பார்க்கும் கண்கள். முகத்தை ஒட்டியே நான்கு பக்கமும் நறுக்கியிருந்தார்கள். யாரென்று கேட்கத்தான் அதே ஊரில் ஓர் அச்சுப்பட்டறைக்குப் போனேன்.

பட்டறையை நடத்தும் பெண்மணி வேலையில் இருந்தார். ஆளிவிதை எண்ணெய் வாசனை அறையெங்கும் நிறைந்திருந்தது. சூடேற்றிய செப்புத் தகட்டில் மையைத் தேய்த்து ஏற்றினார். கஞ்சி போட்ட வலைத்துணியால் வட்டமாகத் துடைத்தார். கடைசியில் சுண்ணத்தூள் தொட்ட உள்ளங்கையால் ஒரு வருடல். மேடு பளிச்சென்றானது, கோடுகளின் பள்ளத்தில் மட்டும் மை தங்கியது. ஈரத்தாளை விரித்து, கம்பளி போர்த்தி, உருளையின் சக்கரத்தைச் சுற்றினார். தாளை உரித்தபோது ஒரு முகம் எழுந்து வந்தது.

நான் முகத்தைப் பார்த்தேன். அவர் விரல் கீழ்விளிம்பைத் தொட்டது. “இங்கேயிருந்து படியுங்கள்” என்றார்.

அங்கே பொடி எழுத்தில் லத்தீன் சொற்கள். ‘பின்க்சிட்’ என்றால் தீட்டியவர், ‘ஸ்கல்ப்சிட்’ என்றால் செதுக்கியவர், ‘எக்ஸ்குடிட்’ என்றால் வெளியிட்டவர். மூன்று பேரின் உழைப்பும் அந்த ஒரு வரியில் இருந்தது.

இரண்டு நகல்களை மேசைமேல் வைத்தார். இதே ஊரில் 1599இல் பிறந்த ஓவியர் வான் டைக், தன் தலையைத் தானே தகட்டில் வரைந்த படம் முதலாவது. வெறுந்தகட்டின் மேற்பகுதியில் தலை மட்டும். திடீரென்று யாரோ கூப்பிடத் திரும்பியவர் போல இருக்கிறார். 1641இல் அவர் இறந்தார். அதன் பிறகு அதே தகட்டில் யாகோப் நேஃப்ஸ் என்ற செதுக்குநர் அந்தத் தலைக்குக் கீழே ஒரு பீடத்தைச் செதுக்கினார். 1645 வாக்கில் அது வான் டைக்கின் உருவப்படத் தொகுப்புக்கு முகப்புப் பக்கமானது. முகத்தில் மாற்றமில்லை. ஆனால் முதல் படத்தில் உயிரோடிருந்தவர், இரண்டாவதில் நினைவுச்சிலையாகிவிட்டார்.

முகத்தையே மாற்றியதும் உண்டு. பியேர் லொம்பார் 1655 வாக்கில் செதுக்கிய குதிரைவீரன் தகட்டில் கிராம்வெல், பதினான்காம் லூயி, முதலாம் சார்லஸ் என்று தலைகள் மாறியிருக்கின்றன. இடையில் தலையே இல்லாத அச்சும் உண்டு. 1649இல் சார்லஸின் தலையை வெட்டிய தரப்பின் தலைவர்களில் ஒருவர் கிராம்வெல். இருவருக்கும் உடல் ஒன்று, குதிரை ஒன்று. செம்பைச் சுரண்டி, பின்பக்கத்திலிருந்து சுத்தியால் தட்டிச் சமப்படுத்தி, புதிய முகம் வெட்டுவார்கள் என்று விளக்கினார். அந்தக் குதிரைமேல் இருப்பவர் யாரென்று ஆட்சிதான் முடிவு செய்திருக்கிறது.

என் படத்தை எடுத்துக் கொடுத்தேன். தகட்டின் அழுத்தத் தடத்தைத் தேடி ஓரமெங்கும் விரலை ஓட்டினார்; இல்லை. 1769இல் ஜேம்ஸ் கிரேஞ்சர் இங்கிலாந்து வரலாற்று மாந்தர்களின் நூலை வெளியிட்ட பிறகு, அதில் ஒட்டிச் சேர்ப்பதற்காக வேறு புத்தகங்களிலிருந்து உருவப்படங்களை வெட்டியெடுப்பது மோகமாகவே பரவியது. இதுவும் அப்படி ஏதோவொரு கத்தரிக்கோலுக்குத் தப்பாத படமாக இருக்கலாம். மன்னருக்குக் காணிக்கையா, எதிரியைப் பழிக்கும் துண்டுத்தாளா, இறந்தவருக்கு அஞ்சலியா, சொல்ல வழியில்லை.

அவர் படத்தைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்தார். கன்னத்தில் மெலிந்து தொடங்கி, நிழலில் தடித்து, மறுபடி மெலியும் கோடுகளை நெடுநேரம் பார்த்தார்.

“நல்ல கை” என்றார்.

அந்தக் கைக்கு உரியவரின் பெயர், வெட்டிய ஒரு விரற்கடைத் தாளோடு போய்விட்டது.