தபால் பெட்டியும் நம் பாட்டியாரும்

கெப்பாலா பத்தாஸிலிருந்து ஜார்ஜ் டவுனுக்குப் போகும்போதெல்லாம், விக்டோரியா இராணி காலத்து இரும்புத் தபால் பெட்டியின் முன் நாம் சற்று நிற்பது வழக்கம். இராணியார் 1901-இல் மறைந்தார். மோட்டார் வண்டிகள் விரையும் வீதியில் அவர் காலத்துப் பெட்டியோ இன்றும் நிற்கிறது. 1852-இல் ஆந்தனி டிராலப் என்னும் தபால் அதிகாரியின் யோசனைப்படி ஜெர்சித் தீவில் நடப்பட்ட தூண்பெட்டிகளின் வழிவந்தது இது.

அதன் வாய் சாதி கேளாது. எவர் கடிதத்தையும் ஏற்கும். ஆயினும், எழுத்தறியாத நம் பாட்டியாருக்கு அதனால் என்ன பயன்? ஊரிலுள்ள தம் தாயாருக்குத் தோட்டத்துக் கிராணியாரைக் கொண்டே கடிதம் எழுதுவிப்பார். அயலார்முன் மனத்துயரைச் சொல்லக் கூசி, "யாவரும் க்ஷேமம்" என்று முடித்துவிடுவார். நெஞ்சில் இருந்தது ஒன்று. பெட்டியில் விழுந்தது வேறொன்று.

இன்று கைபேசி வந்துவிட்டது. எனினும், தம் மனுவைப் பிறர் கையால் எழுதுவிக்கும் நம்மவர் இன்னும் உளர். எழுத்தறியாதவர்க்கு எந்தத் தபால் பெட்டியும் வெறும் இரும்பேயன்றோ!