இரண்டு புள்ளி

கம்ப்யூட்டர் படித்தவர்கள் இந்த வாரம் என்னை மன்னிக்கவேண்டும். நான் பி.காம். டெபிட், கிரெடிட்டைத் தாண்டி அதிகம் தெரியாது. ஆனாலும் இரண்டு புள்ளிகளைப் பற்றி உங்களிடம் சொல்லியே ஆகவேண்டும்.

ஒரு ஃபோல்டருக்குள் இருந்துகொண்டு அடுத்தடுத்து இரண்டு புள்ளி வைத்தால், 'ஒரு மாடி மேலே போ' என்று அர்த்தம். வைத்துக்கொண்டே இருந்தால் மொட்டைமாடிக்குப் போய், எந்த அறைக்குள் வேண்டுமானாலும் இறங்கலாம். உங்கள் சொந்தக் கம்ப்யூட்டர் என்றால் தப்பில்லை. பலரும் வந்து ஃபைல் போட்டு எடுக்கிற எஃப்டிபி சர்வர் என்றால்? அவரவர் அறையைத் தாண்டக் கூடாது. புள்ளிகளோடு யாராவது வந்தால் சாஃப்ட்வேர் துரத்தவேண்டும்.

2004-ல் நான் வேலை பார்த்த பத்திரிகையில் பக்கங்களை எஃப்டிபி வழியாகத்தான் அச்சகத்துக்கு அனுப்புவோம். ஒருநாள் ராத்திரி ஃபைல் ஆமை மாதிரி ஏறிக்கொண்டிருந்தது. லே-அவுட் பையன், "சார், ஒண்ணு காட்டட்டுமா?" என்றான். "புள்ளி வச்சா கூடாதுங்குது. பக்கத்துல இருக்குற சாய்கோட்டை இந்தப் பக்கமா சாய்ச்சுப் போட்டா விட்டுடுது, பாருங்க!"

விட்டுவிட்டது. அக்கவுன்ட்ஸ் ஃபோல்டர். பி.காம். புத்தி சும்மா இருக்குமா? ஒரு பட்டியலைத் திறக்கச் சொன்னேன். அடுத்த மாதம் வீட்டுக்கு அனுப்பப்போகிறவர்கள், ஆளுக்கு எவ்வளவு செட்டில்மென்ட். மூன்றாவது பெயர் எங்கள் புரூஃப் ரீடர் பெரியவருடையது.

"ஓட்டை இருக்குன்னு மேல சொல்லிடட்டுமா சார்?" என்றான். "கண்டிப்பா சொல்லு" என்றேன். சொன்னான். 'நீ எதுக்குடா அங்கே போனே?' என்று கேட்டு, சாயங்காலமே கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்கள். கூட யார் இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

இந்த எஃப்டிபிக்கு 1971 ஏப்ரலில் முதல் வரைவை எழுதியவர் அபய் பூஷண். கான்பூர் ஐ.ஐ.டி.யின் முதல் செட் மாணவர், அப்போது அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் இருந்தார். விரல்விட்டு எண்ணக்கூடிய கம்ப்யூட்டர்கள்தான் அன்றைக்கு அந்த வலையில் இருந்தன. திருடன் வருவான் என்று யார் நினைத்தார்கள்?

வந்தான். 2000 அக்டோபரில் மைக்ரோசாஃப்டின் ஐ.ஐ.எஸ். வெப் சர்வரில் இதே கோளாறு வெளியே வந்தது. சாய்கோட்டை மாறுவேஷத்தில், யூனிகோடில் எழுதி அனுப்பினால் காவல்காரனுக்கு அடையாளம் தெரியவில்லை. மைக்ரோசாஃப்ட் திருத்தம் கொடுத்துவிட்டது. போட்டுக்கொள்ளாதவர்கள் எத்தனையோ பேர். 2001 செப்டம்பரில் நிம்டா என்கிற வைரஸ் உள்ளே புகுந்த வழிகளில் இதுவும் ஒன்று.

சரி, பழைய கதை என்பீர்கள். 2024 ஜூனில் சோலார்விண்ட்ஸ் கம்பெனியின் செர்வ்-யூ என்கிற ஃபைல் அனுப்பும் சாஃப்ட்வேரில் என்ன ஆனது தெரியுமா? விண்டோஸில் பாதை எழுதும் சாய்கோடு ஒரு பக்கம் சாயும், லினக்ஸில் மறுபக்கம். செர்வ்-யூ, தான் இருக்கிற ஊர்ச் சாய்கோட்டை மட்டும் சோதித்தது. எதிர்ப்பக்கம் சாய்ந்தது வந்தால் உள்ளே விட்டுவிட்டு, அப்புறம் தானே அதை நேராக்கியும் கொடுத்தது! எங்கள் பாஷையில் சொன்னால், வெறும் செக்கில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தொகையை அப்புறம் எழுதிக்கொள்ளச் சொல்வது. பாஸ்வேர்டே இல்லாமல் உள்ளே இருக்கிற ஃபைல்களைப் படிக்க முடிந்தது. திருத்தம் வந்து சில நாட்களிலேயே ஆட்கள் கைவரிசையைக் காட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

படித்ததும் எனக்கு அந்தப் பையன் ஞாபகம்தான். இருபது வருஷம் கழித்தும் அதே சாய்கோடு! செர்வ்-யூ ஓட்டையைக் கண்டுபிடித்துச் சொன்னவருக்கு கம்பெனி பெயர் போட்டு நன்றி சொன்னது.

புரூஃப் ரீடர் பெரியவர் அடுத்த மாதமே போனார். நடுவில் இருந்த நாட்களில் மகள் கல்யாணத்துக்கு மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்து, ரசீதை என்னிடம்தான் முதலில் காட்டினார். "நல்ல மண்டபம் சார்" என்றேன்.