அம்மாவின் நடை, என் ஓட்டம்

தாசேக் கெலுகோரில் டிசம்பர் மாதத்துக் காலை ஆறரை மணி என்றால் நல்ல இருட்டு. பொழுது விடிய ஏழேகால் ஆகிவிடும். ரயில் நிலையத்தின் விளக்குகள் மட்டும் பளிச்சென்று எரியும். பாடாங் பெசார் பக்கமிருந்து வரும் கொமுட்டர் ரயிலுக்காக நாலைந்து பேர் பையோடு நிற்பார்கள். வேலை நாள்களில் நானும் அவர்களில் ஒருவன். இங்கிருந்து புக்கிட் மெர்தாஜாம் வழியாகப் பட்டர்வொர்த், அங்கிருந்து ஃபெரி, அப்புறம் ஜார்ஜ்டவுனில் அலுவலகம். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் நான் ரயிலேற வருவதில்லை. நிலையத்துப் பக்கத்திலிருந்துதான் என் ஓட்டம் தொடங்கும்.

இந்த ஆண்டு அந்த ஓட்டம் ஜூன் மாதத்தில் நின்றது. ஆண்டு முடியப்போகும் நேரத்தில்தான் மறுபடி தொடங்கியிருக்கிறது. இடையில் போன மாதங்களில் நான் கற்றுக்கொண்டதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கற்றுக்கொடுத்தவர் என் அம்மா. அவர் வாழ்நாளில் ஒரு பந்தயத்திலும் ஓடியதில்லை.

ஊரின் பெயரில் ஒரு மரம்

பினாங்கு என்றதும் எல்லாருக்கும் தீவுதான் நினைவுக்கு வரும். பாலத்துக்கு இந்தப் பக்கம், பெருநிலத்தில் இருக்கும் செபராங் பிறையும் பினாங்குதான். அதன் வடபகுதியில் இருக்கும் சின்னப் பட்டணம் எங்கள் தாசேக் கெலுகோர். தாசேக் என்றால் ஏரி. கெலுகோர் என்பது புளிப்பான பழம் தரும் ஒரு மரம். அந்தப் பழத்தை மெல்லிதாகச் சீவிக் காயவைத்தால் கடையில் நாம் வாங்கும் அசாம் கெப்பிங் கிடைக்கும். பினாங்கு லக்சாவுக்குப் புளிப்பைக் கொடுப்பது அதுதான். எங்கள் வீட்டு மீன் குழம்பிலும் புளி குறைந்தால் அம்மா அதில் இரண்டு துண்டு போடுவார்.

சுற்றுலாப் பயணிகள் இங்கே இறங்குவதில்லை. இறங்கிப் படமெடுக்கப் பெரிதாக ஒன்றும் இல்லை. கெப்பாலா பத்தாஸ் பக்கம் போனால் வயல், உள்ளே போனால் செம்பனை, மிச்சமிருக்கும் பால்மரங்கள், அவற்றுக்கிடையே கம்போங் வீடுகள். இன்னும் வடக்கே போனால் கெடாவுக்கும் பினாங்குக்கும் எல்லையாக ஓடும் மூடா ஆறு. தீவில் குழாயைத் திறந்தால் வரும் தண்ணீரில் பெரும்பகுதி அந்த ஆற்றுத் தண்ணீர்தான். ஜார்ஜ்டவுன் அலுவலகத்தில் ‘உங்க ஊர்ல என்ன இருக்கு?’ என்று கேட்பவர்களிடம், ‘நீங்க குடிக்கிற தண்ணி இருக்கு’ என்று சொல்வேன்.

தமிழருக்கும் இந்த மண்ணுக்கும் பழைய உறவு உண்டு. 1800இல் கெடாவிடமிருந்து ஆங்கிலேயர் பெற்றுக்கொண்டு வெல்லெஸ்லி மாநிலம் என்று பெயரிட்ட நிலம் இது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்கள் கப்பலேறி வந்தார்கள். 1910இல் ஒப்பந்த முறை ஒழிந்தது. ரப்பர் வந்தது, கங்காணிகள் ஆள் சேர்த்தார்கள். அம்மாவின் தாத்தா அப்படி வந்தவர். அம்மா பிறந்தது தோட்டத்து லயத்தில். இருபது வயதுக்கு முன்பே பால் வெட்டப் போனவர், தோட்டம் செம்பனைக்கு மாறும்வரை வெட்டினார்.

பாட்டு மறைத்த வலி

இனி என் கதை. பினாங்குப் பாலம் அனைத்துலக மாரத்தானில் இந்த ஆண்டு முழுத் தூரம் ஓடுவது என்று ஜனவரியில் முடிவெடுத்தேன். அதற்கு முன் ஓடியதெல்லாம் பத்து கிலோமீட்டர், ஒருமுறை அரை மாரத்தான். 13.5 கிலோமீட்டர் நீளப் பாலத்தில் நள்ளிரவு தாண்டி ஓடி, 42 கிலோமீட்டரை முடிக்கும் ஆசை. பயிற்சித் திட்டத்தை இணையத்திலிருந்து இறக்கிக்கொண்டேன். ‘மெதுவாகக் கூட்டு’ என்று அதில் எழுதியிருந்த வரியை மட்டும் படிக்காமல் விட்டேன்.

எனக்குத் துணையாகக் காதில் எப்போதும் பாட்டு இருந்தது. நிமிடத்துக்கு 170 தாளம் தட்டும் குத்துப் பாட்டுகளையும் உறுமி மேளத்தையும் தேடிப் பிடித்து ஒரு பட்டியல் செய்திருந்தேன். காலும் தாளமும் ஒன்று சேர்ந்துவிட்டால் களைப்பே தெரியாது. இது வெறும் பிரமை இல்லை. லண்டன் புரூனல் பல்கலைக்கழகத்தின் காஸ்டாஸ் கராஜோர்ஜிஸ் என்ற ஆய்வாளர் பல ஆண்டுகளாக இதையே ஆராய்ந்து வருகிறார். மிதமான வேகத்தில் உடற்பயிற்சி செய்யும்போது இசை கேட்டால், உடல் படும் பாடு மனத்துக்குக் குறைவாகத் தெரிகிறது. எத்தியோப்பிய ஓட்ட வீரர் ஹைலி கெப்ரசெலாசி 1998இல் பர்மிங்ஹாம் உள்ளரங்கில் 2000 மீட்டர் உலகச் சாதனை படைத்தபோது, ‘ஸ்கேட்மேன்’ என்ற வேகப் பாடலை ஒலிபெருக்கியில் போட்டு, அதன் தாளத்துக்கு ஓடினார்.

ஆனால் பாடு குறைவாகத் தெரிவதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. ஏப்ரலில் இடது காலின் முன்னெலும்பில் ஒரு சின்ன வலி தொடங்கியது. ஒரு விரல் வைத்துக் காட்டக்கூடிய இடம். ஓட ஆரம்பித்தால் வலிக்கும், பாட்டைக் கூட்டினால் மறந்துபோகும். மே மாதம் படியிறங்கும்போது வலித்தது. ஜூனில் சும்மா படுத்திருக்கும்போதும் வலித்தது. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஓடாதே என்பார்கள்.

ஸ்கேன் எடுத்துப் பார்த்த மருத்துவர், ‘எலும்பில் மயிரிழை விரிசல்’ என்றார். அவர் விளக்கிய விதம் எனக்குப் பிடித்திருந்தது. எலும்பு கல்லைப் போல் செத்த பொருள் இல்லை. சுமை கூடும்போது, பழைய எலும்பைக் கரைத்துவிட்டுப் புதிதாகக் கட்டிக்கொள்கிறது. கரைப்பது சீக்கிரம் நடக்கும், கட்டுவதற்கு நாளாகும். அந்த இடைவெளியில் ஓய்வு கொடுக்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் விரிசல் விடும். ‘உங்கள் நெஞ்சும் தசையும் தயாராகிவிட்டன. எலும்புதான் இன்னும் தயாராகவில்லை. அதற்குள் நீங்கள் அவசரப்பட்டுவிட்டீர்கள்’ என்றார். எட்டு வாரம் ஓடக்கூடாது. முதலில் காலணிக் கட்டு, பிறகு நடை, அதன்பின் பார்க்கலாம். டிசம்பர் மாரத்தான் போயிற்று.

அம்மாவின் ஐந்நூறு மரம்

கட்டு அவிழ்த்த பிறகு தினமும் கொஞ்சம் நடக்கச் சொன்னார்கள். தனியாக நடக்க எனக்கு வெட்கமாக இருந்தது. வேகமாக ஓடிய அதே சாலையில், தெரிந்தவர்கள் முன்னால், நொண்டி நொண்டி எப்படி நடப்பது? அம்மாதான், ‘நானும் வர்றேன் ஐயா’ என்று செருப்பை மாட்டிக்கொண்டார்.

அம்மாவின் நடை மிக மெது. இருபது அடிக்கு ஒருமுறை நிற்பார். முதல் நாள், எனக்காகத்தான் மெதுவாக நடக்கிறார் என்று நினைத்தேன். மூன்றாம் நாள்தான் கவனித்தேன். அவரால் அவ்வளவுதான் நடக்க முடிந்தது. வலது முட்டியைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே வந்தார். ஒரே வீட்டில் இருக்கிறோம். எத்தனை வருடமாக இப்படி நடக்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை.

‘டாக்டர் எத்தனை நாள் ஓய்வு கொடுத்தாரு?’ என்று கேட்டார்.

‘எட்டு வாரம்.’

‘எட்டு வாரமா!’ என்று சிரித்தார். ‘சரிவுல சறுக்கி விழுந்து எனக்குக் கால் பிசகுனப்ப, மூணாம் நாளே வெட்டுக்குப் போயிட்டேன். பெரட்டுல பேர் கொடுத்தாத்தானே அன்னைக்குச் சம்பளம்.’

அவர் சிரித்துவிட்டார், என்னால் சிரிக்க முடியவில்லை. அம்மாவின் நிரையில் ஐந்நூறு மரத்துக்குக் குறையாமல் இருக்கும். குளிர்ந்த நேரத்தில்தான் பால் நன்றாக ஓடும் என்பதால், விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு போவார்கள். ஒவ்வொரு மரத்துக்கும் குனிந்து நிமிர வேண்டும். வெட்டி முடித்த பிறகு, அதே ஐந்நூறு மரத்தையும் மறுபடி சுற்றிப் பாலை எடுக்க வேண்டும். தோளில் காண்டா போட்டு வாளிகளைச் சுமந்து வர வேண்டும். மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் கூலியும் இல்லை. நான் ஓடியது என் ஆசைக்கு, காசு கட்டி. எனக்கு ஓய்வும் கிடைத்தது, மருத்துவ விடுப்புக்குச் சம்பளமும் கிடைத்தது. அவர் காலுக்கு அந்த எட்டு வாரம் கிடைக்கவே இல்லை.

அடுத்த வாரம் அவரை அரசாங்கக் கிளினிக்குக் கூட்டிப்போனேன். கட்டணம் ஒரு வெள்ளி. மூட்டுத் தேய்மானம் என்றார்கள். தேய்ந்ததைப் பழையபடி ஆக்க முடியாது, ஆனால் தொடைத் தசை பலமானால் முட்டியின் சுமை குறையும் என்று இரண்டு பயிற்சிகள் சொல்லிக்கொடுத்தார்கள். நாற்காலியில் கையூன்றாமல் உட்கார்ந்து எழுவது ஒன்று. படுத்தபடி காலை நீட்டித் தூக்கிப் பத்து எண்ணுவது இன்னொன்று. என் காலுக்கும் ஏறக்குறைய அதே பயிற்சிதான். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் இரவு தொடர்நாடகம் ஓடும்போது, அம்மாவும் பிள்ளையும் ஆளுக்கொரு நாற்காலியில் உட்கார்ந்து எழுந்துகொண்டிருப்போம். ‘இதுக்கெல்லாம் பேர் போடுவாங்களா ஐயா?’ என்று கேட்பார்.

இருட்டில் ஒரு பாட்டு

நடக்கும்போது நான் காதில் எதையும் மாட்டுவதில்லை. அம்மா பேசிக்கொண்டே வருவார், பேச்சு ஓய்ந்தால் முணுமுணுப்பார். எல்லாம் பழைய படப் பாட்டுகள். பாதி வரி தெரியாது, தெரியாத இடத்தில் ஏதோ ஒன்றைப் போட்டு நிரப்புவார்.

‘தோட்டத்துலயும் பாடுவீங்களா?’ என்று ஒருநாள் கேட்டேன்.

‘பாடாம? விடியாத இருட்டு, சுத்தி மரம். பக்கத்து நிரையில ஆள் இருக்கான்னு எப்படித் தெரியும்? நான் ஒரு வரி பாடுவேன். அந்தப் பக்கம் அத்தை அடுத்த வரி பாடும். சத்தம் வரலைன்னா, என்னாச்சுன்னு போய்ப் பார்ப்போம்.’

இதைக் கேட்டபோது ஜூன் மாதத்து என்னை நினைத்துக்கொண்டேன். வலியைக் கேட்காமல் இருக்க நான் பாட்டைக் கூட்டினேன். அவர்கள் ஒருவரை ஒருவர் கேட்பதற்காகப் பாடினார்கள். இசை இரண்டுக்கும் உதவும். எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பது நம் கையில்தான் இருக்கிறது.

செப்டம்பரில் மருத்துவர் ஓட அனுமதித்தார். ஒரு நிமிட ஓட்டம், நான்கு நிமிட நடை. இப்படி ஐந்து முறை. ஒரு நிமிடம் ஓட அத்தனை சந்தோஷமாக இருக்கும் என்று எனக்கு முன்பு தெரியாது. அக்டோபரில் அது இரண்டு நிமிடமானது. ஒருமுறை அவசரப்பட்டுக் கூட்டினேன். பழைய இடத்தில் சின்னதாக ஒரு வலி எட்டிப்பார்த்தது. ஒரு வாரம் மறுபடி நடைக்கே திரும்பினேன். குணமாவது நேர்கோட்டில் நடப்பதில்லை என்பதை அந்த வாரம்தான் ஒத்துக்கொண்டேன்.

அவர்கள் பாலத்தில், நான் வயலோரத்தில்

டிசம்பர் நடுவில் மாரத்தான் வந்தது. முழு மாரத்தான்காரர்கள் இரவு ஒன்றரை மணிக்கே கிளம்பிவிடுவார்கள். என்னோடு பயிற்சி செய்த நண்பர் ஓடினார். அவருக்கு வாழ்த்து அனுப்பிவிட்டுப் படுத்தேன். பொறாமை இல்லை என்று சொன்னால் பொய். தூக்கம் வரவில்லை.

ஆறரைக்கு எழுந்து ரயில் நிலையத்துக்குப் போனேன். அம்மாவும் கூட வந்து, வெளியே இருந்த இருக்கையில் ஃபிளாஸ்க்கோடு உட்கார்ந்துகொண்டார். கைப்பேசியில் மின்னல் எஃப்எம் மெல்லமாகப் பாடியது. ‘நான் இங்கயே இருக்கேன். மெதுவா போய்ட்டு வா ஐயா’ என்றார்.

நான்கு நிமிட ஓட்டம், ஒரு நிமிட நடை. மொத்தம் ஐந்து கிலோமீட்டர். காதில் ஒன்றும் இல்லை. தூரத்தில் கோயில் ஒலிபெருக்கியில் பக்திப் பாட்டு, வாய்க்காலில் தவளை, பின்னால் தண்டவாளத்தில் ரயில் போகும் அதிர்வு. வயலுக்கு வந்தபோது வானம் வெளுத்துவிட்டது. எலி பிடிக்கும் ஆந்தைகளுக்காகக் கம்பத்தில் கட்டிவைத்த மரப்பெட்டி ஒன்று தெரிந்தது. நான்கு வருடம் ஓடிய வழிதான். அந்தப் பெட்டியை அன்றுதான் பார்த்தேன். என் மூச்சும் பாதமும் விழும் சத்தம் கேட்டது. இடது கால் விழும் சத்தமும் வலது கால் விழும் சத்தமும் ஒன்றுபோல் இருந்தன. கால் நன்றாக இருக்கிறது என்று அந்தச் சத்தத்தில்தான் நம்பினேன்.

ஆண்டு முடிவில் நன்றி சொல்ல ஒரு பட்டியல் எழுதுவது என் வழக்கம். வழக்கமாக அதில் பதக்கங்களும் நேரங்களும் இருக்கும். இந்த முறை எழுதியிருப்பது வேறு. ‘அவசரப்பட்டுவிட்டீர்கள்’ என்று முகத்துக்கு நேராகச் சொன்ன மருத்துவர். ஒரு வெள்ளிக்கு அம்மாவின் முட்டியைப் பார்த்த கிளினிக். மூன்றாம் நாளே வெட்டுக்குப் போய் என்னைப் படிக்க வைத்த அந்தக் கால்கள்.

ஓடும் இளைஞர்களுக்கு ஒன்றே ஒன்று சொல்லத் தோன்றுகிறது. ஒரே இடத்தில், விரல் வைத்துக் காட்டும்படி வலித்தால், பாட்டை நிறுத்திவிட்டு அதைக் கேளுங்கள். வீட்டில் சொல்லுங்கள். அப்படியே, வீட்டில் யாராவது சொல்லாமல் நொண்டுகிறார்களா என்றும் பாருங்கள்.

நான் திரும்பி வந்தபோது அம்மா ரேடியோவோடு சேர்ந்து பாடிக்கொண்டிருந்தார். வளைவைத் தாண்டுமுன்பே அவர் குரல் கேட்டது. என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்.

‘எவ்வளவு நேரம் ஐயா?’

‘பார்க்கலைமா.’

‘சரி, வா. பசியாறப் போவோம்’ என்று எழுந்தார். இருக்கையில் கையூன்றாமல் எழுந்தார். அதை நான் கவனித்தேனா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, முன்னால் நடந்தார்.