தேவதைக்குப் பழைய இன்ஜின்

பாரிஸில் ‘ழாவெல் - ஆந்த்ரே சித்ரோயன்’ மெட்ரோ நிலையத்தில் இறங்கி, செய்ன் நதியோரமாகக் கொஞ்ச தூரம் நடந்தால் ஒரு பூங்கா. இரண்டு பிரம்மாண்டமான கண்ணாடி வீடுகள், தரையிலிருந்து பீறிடும் நீரூற்றுகள், ஈரமாக ஓடும் குழந்தைகள். 1992இல் பூங்கா திறக்கப்படுவதற்கு முன் இங்கே இருந்தது சித்ரோயன் கார் தொழிற்சாலை. அதற்கும் முன்னால், 1915இல், முதல் உலகப் போருக்கு பீரங்கிக் குண்டுகள் செய்யத்தான் ஆந்த்ரே சித்ரோயன் இந்த இடத்தைப் பிடித்தார்.

தொழிற்சாலை போய்விட்டது. அங்கே பிறந்த கார்களைப் பார்க்க நகரின் மறுகோடிக்குப் போக வேண்டியிருந்தது. வின்சென் கோட்டை முன்பு, ஞாயிறு காலை, பழைய கார் பிரியர்கள் கூட்டம். கறுப்பு நிறத்தில் ஒரு த்ராக்ஸியோன் அவான். பக்கத்திலேயே சாம்பல் நிற டிஎஸ் 19.

த்ராக்ஸியோன் 1934இல் வந்தது. தரையோடு தாழ்ந்த உடல். ஏறுவதற்குப் படி கிடையாது. தனி இரும்புச் சட்டம் இல்லை, உடலே சட்டம். முன்சக்கரங்கள்தான் வண்டியை இழுக்கின்றன. பெயருக்கும் அதுவே அர்த்தம். இன்று இதெல்லாம் சாதாரணம். அன்று இதற்காக ஆந்த்ரே சித்ரோயன் ஆலையையே புதுப்பித்தார், கடனில் மூழ்கினார். 1925 முதல் ஈஃபில் கோபுரத்தில் விளக்குகளால் தன் பெயரை எழுதி வைத்திருந்த மனிதர், 1934 முடிவதற்குள் திவாலானார். கம்பெனி டயர் தயாரிப்பாளரான மிஷ்லினின் கைக்குப் போனது. 1935 ஜூலையில் அவர் இறந்தார். கார் மட்டும் 1957 வரை ஓடியது. தயாரானவை சுமார் 7.6 லட்சம்.

டிஎஸ்ஸின் கதை நேர்மாறு. 1955 அக்டோபர் 5, பாரிஸ் மோட்டார் கண்காட்சி: முதல் நாளிலேயே சுமார் 12,000 பேர் பதிவு செய்தார்கள். இரண்டு எழுத்துகளையும் சேர்த்து உச்சரித்தால் பிரெஞ்சில் ‘பெண் தெய்வம்’. 1962இல் பெத்தி கிளாமாரில் கொலையாளிகள் சுட்டபோது, டயர்கள் பஞ்சரான பிறகும் நிற்காமல் ஓடி அதிபர் டி காலைக் காப்பாற்றியது இந்த ரகக் கார்தான்.

உரிமையாளர் ஸ்டார்ட் செய்தார். படுத்திருந்த மாடு எழுவதுபோல டிஎஸ் மேலே உயர்ந்தது. ஸ்பிரிங் கிடையாது, எண்ணெயும் நைட்ரஜனும்தான் தாங்குகின்றன. பிரேக்குக்கு மிதி இல்லை, காளான் மாதிரி ஒரு குமிழ். வேடிக்கை பார்க்க நல்ல கூட்டம்.

பிறகு பானெட்டைத் திறந்தார். தேவதைக்குத் திட்டமிட்டிருந்த ஆறு சிலிண்டர் இன்ஜின் சரிப்பட்டு வரவில்லை. உள்ளே இருந்தது, த்ராக்ஸியோனின் அதே நான்கு சிலிண்டர், 1,911 சிசி. அலுமினியத் தலை மட்டும் புதிது. இரண்டு கார்களுக்கும் உருவம் கொடுத்தவர் ஃப்ளாமினியோ பெர்த்தோனி என்ற இத்தாலியச் சிற்பி. பொறியியலும் ஒரே ஆள் - ஆந்த்ரே லெஃபெவ்ர். இருபது வருட இடைவெளியில் அவர்கள் மாற்றாதது இன்ஜின் ஒன்றைத்தான்.

அழகு டிஎஸ்தான், சந்தேகமில்லை. ஆனால் ஒன்றை எடுத்துக்கொள் என்றால் நான் கறுப்பு வண்டியின் சாவியைத்தான் கேட்பேன். பன்னிரண்டு மணிக்குக் கூட்டம் கலைந்தபோது அது முதல் முயற்சியிலேயே உறுமிக் கிளம்பியது. டிஎஸ்காரர் இன்னும் யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தார். அணைத்துவிட்ட கார் அவர் பின்னால் மெல்ல மெல்லத் தரையை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது.