ஈடு யாருக்கு?

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையை ஒட்டிய சாலைக் கடைத்தெருவில், மளிகை மொத்தக் கடைகளுக்கு நடுவே ஒரு தேநீர்க் கடை. தென்தமிழகத்திலிருந்து வந்து நிலைத்த குடும்பம். கடைக்காரர் வீட்டில் தமிழும், மூட்டை இறக்கிவிட்டு வரும் சுமட்டுத் தொழிலாளரிடம் மலையாளமும் பேசுபவர். மாதத்தின் முதல் தேதி அவருக்குக் கலக்கம் தரும் நாள். வணிகச் சிலிண்டரின் புதிய விலை அன்றுதான் வெளிவரும்.

கடையில் எரிவது 19 கிலோ சிலிண்டர், வீட்டில் 14.2 கிலோ. இரண்டிலும் இருப்பது ஒரே எரிவாயு. முன்னதன் விலை சந்தையோடு ஏறி இறங்கும். பின்னதன் விலை அரசின் கட்டுப்பாட்டில் நிற்கும். வீட்டுச் சிலிண்டரைக் கடை அடுப்பில் பூட்டுவது 2000ஆம் ஆண்டின் வழங்கல் ஒழுங்குமுறை ஆணைப்படி குற்றம். அவர் அதைச் செய்வதில்லை.

இந்தியாவின் சமையல் எரிவாயுத் தேவையில் ஏறத்தாழ 60 விழுக்காடு இறக்குமதி. சவூதி அராம்கோ மாதந்தோறும் அறிவிக்கும் ஒப்பந்த விலையே அதற்கு அளவுகோல். உள்நாட்டு ஆலைகளில் கிடைக்கும் எரிவாயுவும் அதைக் கொண்டே மதிப்பிடப்படுகிறது. 2020 ஜூன் முதல் 2022 ஜூன் வரை பன்னாட்டு விலை சுமார் 300 விழுக்காடு உயர்ந்தபோது, வீட்டுச் சிலிண்டரின் விலை 72 விழுக்காடு மட்டுமே உயர்ந்தது என்பது அரசு தந்த கணக்கு. இடைவெளியைச் சுமந்தவை பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள். அவற்றுக்கு 2022 அக்டோபரில் 22,000 கோடி ரூபாய் மானியம் வழங்க அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. 2025 ஆகஸ்டில் மேலும் 30,000 கோடி ரூபாய், 12 தவணைகளில்.

ஆக, விலைக் கட்டுப்பாடு செலவை அழிப்பதில்லை. அதைச் சுமப்பவரையும் சுமக்கும் காலத்தையுமே மாற்றுகிறது. ஏழை வீட்டின் அடுப்பு அணையாதிருக்க அந்த மாற்றம் தேவை என்பதில் ஐயமில்லை. இக்கடைக்காரரின் மனைவியே அதன் பயனாளி.

ஆனால் கடைக்காரரும் ஒரு விலைக் கட்டுப்பாட்டுக்குள்தான் இருக்கிறார். சிலிண்டர் விலை உயரும் மாதத்தில் அவரால் தேநீர் விலையை உயர்த்த இயலாது. உயர்த்தினால் சுமட்டுத் தொழிலாளர் இரண்டு தேநீரை ஒன்றாகக் குறைத்துக்கொள்வர். எந்த ஆணையிலும் எழுதப்படாத கட்டுப்பாடு அது. அதனால் நேரும் இழப்பு எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. அதற்கு ஈடு வழங்க எந்த அமைச்சரவையும் கூடுவதில்லை. கூட்டம் குறைந்த பிற்பகலில் அவர் அடுப்பின் தீயைச் சற்றுக் குறைத்து வைக்கிறார். அவர் கைவசமுள்ள ஒரே மானியம் அதுதான்.