தீபாவளி ஆர்டர் முடிந்தது

வேலைகளைக் குறித்துவைக்கும் செல்போன் செயலிகள் பலவற்றில் மூன்று கட்டங்கள் உண்டு: செய்ய வேண்டியது, செய்துகொண்டிருப்பது, முடிந்தது. என் செயலியில் முதல் கட்டம் மட்டும் வீங்கிக்கொண்டே போனது. யார் போட்ட கட்டங்கள் இவை, எதற்காகப் போட்டார்கள் என்ற கேள்வி பிடித்துக்கொள்ள, தேட ஆரம்பித்தேன்.

தேடல் டொயோட்டாவில் போய் நின்றது. தாயிச்சி ஓனோ அங்கே பொறியாளராக இருந்தவர். அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டுகளில் வாடிக்கையாளர் எடுத்த அளவுக்குத்தான் அலமாரியை நிரப்புவார்கள் என்பது அவரை யோசிக்க வைத்தது. 1953-ல் தொழிற்சாலையின் மெஷின் ஷாப்பில் அதைச் செய்து பார்த்தார். உதிரிபாகப் பெட்டிகளோடு ஒரு அட்டை போகும். அட்டை திரும்பி வந்தால்தான் அடுத்த பெட்டிக்கு வேலை தொடங்கலாம். அட்டைக்குப் பெயர் கான்பான். வேலையை நினைவுபடுத்த வந்ததல்ல அது; அளவுக்கு மேல் தொடங்கவிடாமல் தடுக்க வந்தது. இன்றைய செயலிகள் பலவும் கட்டங்களை எடுத்துக்கொண்டு அந்தத் தடையை விட்டுவிட்டன.

தொழிற்சாலை அட்டை மேசை வேலைக்கு வந்த கதையில் ஹைதராபாத் இருக்கிறது. 2004-ல் மைக்ரோசாஃப்டின் உள் மென்பொருள்களைப் பராமரித்த ஒரு சிறிய குழு அங்கே இயங்கியது. தீர்க்கப்படாத கோரிக்கைகள் 80-ஐத் தாண்டியிருந்தன. ஒரு கோரிக்கை முடிய சராசரியாக 5 மாதம். மைக்ரோசாஃப்டில் பணியாற்றிய டேவிட் ஆண்டர்சனும் குழுவின் மேலாளரும் உட்கார்ந்து பார்த்தபோது, ஊழியர்களின் நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ‘இந்த வேலைக்கு எத்தனை நாள் ஆகும்’ என்று கணக்குப் போடுவதிலேயே கரைந்துகொண்டிருந்தது. கணக்குப் போட்ட வேலைகளில் பல கடைசிவரை செய்யப்படவே இல்லை. மதிப்பீட்டை நிறுத்தினார்கள். கையில் இருக்கும் வேலைக்கு உச்சவரம்பு வைத்தார்கள். இடம் காலியானால் மட்டுமே அடுத்தது. 2005 முடிவதற்குள் தேக்கம் தீர்ந்தது.

பட்டியலை வண்ணம் மாற்றி, வரிசை மாற்றி அடுக்குவதும் அந்த மதிப்பீட்டு வேலையின் தம்பிதான்.

காத்திருப்பின் கணக்கை 1961-ல் ஜான் லிட்டில் நிரூபித்தார். நிலையாக ஓடும் எந்த வரிசையிலும், காத்திருக்கும் எண்ணிக்கையை முடிக்கும் வேகத்தால் வகுத்தால் சராசரிக் காத்திருப்பு கிடைக்கும். பட்டியலில் 60 வேலை, நாளொன்றுக்கு 3 முடிகிறது என்றால் ஒவ்வொன்றுக்கும் சராசரி 20 நாள். எப்படி வரிசைப்படுத்தினாலும் ஒன்று முன்னே போக இன்னொன்று பின்னே போகும். சென்னை எண்ணூர் சாலையில் நிற்கும் கண்டெய்னர் லாரிகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல: துறைமுக கேட் விடும் வேகம்தான் வேகம்.

இந்தக் கணக்கை இத்தனை தூரம் போகாமலேயே வைத்திருக்கும் ஆள் புளியந்தோப்பு நெடுஞ்சாலைக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கிறார். தையல் கடை, மூன்று மிஷின். ரசீதின் அடிக்கட்டையில் அந்தந்தத் துணியின் ஓரத்துண்டைப் பின் அடித்து வைத்திருப்பார். தீபாவளிக்குச் சில வாரம் முன்பே ‘ஆர்டர் முடிந்தது’ என்று அட்டை தொங்கிவிடும்.

“கூட நாலு துணி வாங்கினா என்னண்ணே?”

“துணிய வாங்கி வெச்சிட்டா அது கடன் தம்பி. இப்ப முடியாதுன்னா கஸ்டமர் வேற கடைக்குப் போயிடுவாரு. வாங்கி வெச்சிட்டு தீபாவளி அன்னிக்குக் கைய விரிச்சா, அவரு எங்க போவாரு?”

மேசையில் வெட்டிய துணிகள் நம்பர் சீட்டோடு முடிச்சுமுடிச்சாகக் கிடந்தன. மிஷின்கள் தைக்கும் அளவுக்கு மேல் அவர் வெட்டுவதில்லை. ஒரேயடியாக வெட்டிக் குவித்தால் ஒருவர் காலர் இன்னொருவர் சட்டைக்குப் போய்விடும் என்றார். காஜா எடுக்கப் போன சட்டைகள் திரும்பாவிட்டால் கத்தரியையும் வைத்துவிடுகிறார்.

கத்தரியை வைத்துவிடுவது எனக்கு முக்கியமாகப் பட்டது. சும்மா இருக்கும் கைக்கு ஏதாவது ஒன்றைத் தொடங்கத்தான் தோன்றும். பாதியில் நிற்பவை பெருகுவது அப்போதுதான். ஓனோவின் மெஷின் ஷாப்பிலும் அட்டை வராவிட்டால் மிஷின் நிற்க வேண்டும். அதுவரை மிஷினை நிறுத்தாமல் ஓட்டிப் பழகியவர்களுக்கு அது பெரிய மாற்றம்.

இப்போது என் நடுக் கட்டத்தில் ஐந்து வேலைகளுக்குத்தான் இடம். ஒன்று முடியாமல் ஆறாவது ஏறாது. புதிதாகக் கேட்பவர்களிடம் எப்போது முடியும் என்பதை அப்போதே சொல்லிவிடுகிறேன். இ-சேவை மையத்துக்குக் கூட்டிப்போகச் சொன்ன அத்தையிடம், பொங்கல் கழித்துத்தான் முடியும் என்றேன். முகம் சுண்டியது. ஆனாலும் அந்த வாரமே பக்கத்து வீட்டுப் பெண்ணோடு போய் வேலையை முடித்துக்கொண்டு வந்துவிட்டார்.